பல்லைக் கொடுத்த கடவுள்: பால்டிக் மொழிகளின் பழமையும் புதுமையும்

பால்டிக் மொழிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாக்கியம் ஒரு குடிகாரனைப் பற்றிய கிண்டல். 1369-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு லத்தீன் கையெழுத்துப் பிரதியின் பக்க அடியில், மேலே இருக்கும் விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், யாரோ இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறார். பழைய பிரஷ்ய மொழி. சாரம் இதுதான்: "வாழ்க ஐயா! நீ நல்ல தோழனே இல்லை. குடிக்க மட்டும் ஆசை, காசு கொடுக்க மனம் வரவில்லை." எழுதியவர் பிராக் நகரத்துக்குப் படிக்கப் போன பிரஷ்ய மாணவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த அந்த ஏடு 1974-இல்தான் கண்ணில் பட்டது. அறுநூறு ஆண்டுகள் அந்தக் கடன்காரனை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு மொழிக்குடும்பத்தின் எழுத்து வரலாறு 14-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது என்றால் அது மிகவும் தாமதம். கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் அதற்குள் பெரும் இலக்கியங்களைச் சுமந்து களைத்தே போயிருந்தன. ஆனால் மொழியியல் வகுப்பில் "இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் (சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் இதில் அடக்கம்) இன்று பேசப்படும் மொழிகளில் மிகப் பழைமையான உருவம் எதற்கு?" என்று கேட்டால் உடனே வரும் பதில் லிதுவேனியம். எழுத்தில் கடைசி வரிசை, இலக்கணத்தில் முதல் வரிசை. இந்த முரண்தான் பால்டிக் மொழிகளை ஆர்வத்துக்குரியவையாக ஆக்குகிறது. அதோடு, "பழமை" என்ற பட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் இவற்றை வைத்து நன்றாக உரசிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பால்டிக் நாடுகள் மூன்று: எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா. பால்டிக் மொழிகள் மூன்று அல்ல. எஸ்டோனிய மொழி ஃபின்னிஷ் மொழிக்கு உடன்பிறப்பு; இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே இல்லை. இன்று உயிரோடிருக்கும் பால்டிக் மொழிகள் என்று பாடநூல்கள் சொல்வது இரண்டை: சுமார் 30 லட்சம் பேர் பேசும் லிதுவேனியம், அதில் ஏறத்தாழப் பாதிப் பேர் பேசும் லாத்வியம். பிரஷ்யம் செத்துப்போனது. கூரோனியம், செமிகாலியம், செலோனியம், யோத்விங்கியம் என்று இன்னும் சில பெயர்கள் இருக்கின்றன. அவை ஊர்ப்பெயர்களிலும் ஒரு சில சொற்களிலும் மட்டும் மிஞ்சியவை. இந்தக் கூட்டத்துக்கு "பால்டிக்" என்று பெயர் வைத்தவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் நெஸ்ஸல்மன், 1845-இல். அதற்கு முன் இப்படி ஒரு பொதுப்பெயரே இருக்கவில்லை.

இனி, எல்லோரும் முதலில் சுட்டிக்காட்டும் அந்தச் சொற்கள். லிதுவேனியத்தில் நெருப்புக்கு உக்னிஸ், சமஸ்கிருதத்தில் அக்னி. புகை தூமஸ், அங்கே தூமம். மகன் ஸூனுஸ், அங்கேயும் ஸூனு. ஆண்மகன் வீரஸ். கடவுள் தியேவஸ். கனவு ஸப்னஸ், நாம் சொப்பனம் என்று வாங்கிக்கொண்ட அதே ஸ்வப்னம். தேன் மெதுஸ், அதாவது மது. பல் தந்திஸ், யானைக்கு மட்டும் நாம் வைத்துக்கொண்ட தந்தம். எண்களில் ஐந்து பெங்கி, ஏழு ஸெப்தீனி, எட்டு அஷ்துவோனி, நூறு ஷிம்தஸ். வடமொழிச் சொற்கள் கொஞ்சம் காதில் விழுந்த எந்தத் தமிழ் வாசகருக்கும் இந்தப் பட்டியல் ஒரு சின்ன அதிர்ச்சி தரும். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒற்றுமை கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது. நம் "த" இரண்டு மூன்று ஒலிகளை ஒன்றாகச் சுமக்கும் எழுத்து. வித்தியாசங்களை அது மூடிவிடுகிறது.

மொழியியலாளர்கள் விரும்பிச் சொல்லும் உதாரணம் ஒரு பழமொழி. "தியேவஸ் தவே தந்திஸ், துவஸ் இர் துவனோஸ்." கடவுள் பல்லைக் கொடுத்தார், ரொட்டியும் கொடுப்பார் என்று பொருள். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நாம் சொல்வதேதான். இதையே சமஸ்கிருதத்தில் "தேவஸ் அததாத் ததஸ், தேவஸ் தாஸ்யதி தானாஸ்" என்று அமைத்துக் காட்டுவார்கள். இந்தச் சமஸ்கிருத வாக்கியம் ஒப்பிடுவதற்காகக் கட்டப்பட்டது. எந்தப் பழைய நூலிலும் தேட வேண்டாம். ஆனாலும் வித்தை பலிக்கிறது. வேர்ச்சொற்கள் மட்டுமில்லை, எழுவாயின் கடைசியில் நிற்கும் "ஸ்", எதிர்காலத்தைக் காட்டும் "ஸ்" எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றன. பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே, ஆதி இந்தோ-ஐரோப்பியர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று கேட்க விரும்புகிறவர் ஒரு லிதுவேனிய விவசாயி பேசுவதைக் கேட்கட்டும் என்று சொன்னதாக எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுவார்கள். லிதுவேனியச் சுற்றுலாத் துறைக்கு இதைவிட நல்ல விளம்பர வாசகம் கிடைக்காது.

இதிலிருந்து "லிதுவேனியம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது" என்று ஒரு தாவல் தாவுகிறவர்கள் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. அப்படி இல்லை. இரண்டும் ஒரே மூதாதையின் வெவ்வேறு கிளைகள். நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்தவை. சில இடங்களில் லிதுவேனியம்தான் மூத்த வடிவத்தைக் காத்திருக்கிறது. ஐந்துக்கான சொல்லில் ஆதியில் இருந்த உயிர் "எ". லிதுவேனியத்தின் பெங்கியில் அது அப்படியே இருக்கிறது. சமஸ்கிருதம் எ, ஒ, அ மூன்றையும் ஒன்றாக்கி பஞ்ச என்று ஆக்கிவிட்டது. ஸெப்தீனி, சப்த விஷயத்திலும் இதே கதை. தங்கைக்கு அம்மாவின் மூக்கு வாய்த்திருக்கலாம், அக்காவுக்குக் கண்கள். அதற்காக ஒருத்தி இன்னொருத்தியின் மகள் ஆகிவிட மாட்டாள்.

பெயர்ச்சொல்லில்தான் இந்தப் பழமை அதிகம். லிதுவேனியத்தில் ஏழு வேற்றுமைகள். தமிழ் படித்தவர்களுக்கு வேற்றுமை உருபு புதிதில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. நமஸ் என்றால் வீடு (வணக்கமெல்லாம் இல்லை), நமோ வீட்டின், நமுய் வீட்டுக்கு, நமா வீட்டை, நமு வீட்டால், நமெ வீட்டில். நமக்கு ஒரே உருபு எல்லாப் பெயருக்கும் ஒட்டும். அவர்களுக்குப் பெயரின் வகையைப் பொறுத்து உருபு முழுவதுமே மாறும், பன்மைக்கு வேறு தனி வரிசை. பழைய லிதுவேனியத்தில் "உள்ளே நோக்கி", "பக்கமாக" போன்ற இன்னும் சில இடவேற்றுமைகளும் இருந்தன. இன்று அவை உதிரிகளாகத்தான் வாழ்கின்றன. "பக்கமாக" உருபு ஒரு வசவில் நன்றாக நிலைத்துவிட்டது: வெல்னியோப், அதாவது பிசாசிடம் போ. மாலையை நோக்கி என்பதற்கு வகரோப். ஒரு முழு வேற்றுமை ஒழிந்து, அதன் கடைசிப் புகலிடம் ஒரு திட்டுச் சொல்லாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் வினைச்சொல் பக்கம் போனால் அருங்காட்சியகக் கதை தடுமாறும். சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் இருக்கும் விரிவான இறந்தகால வகைகளை லிதுவேனியம் தூக்கி எறிந்துவிட்டது. பதிலுக்கு, "வழக்கமாகச் செய்துவந்தேன்" என்ற பொருளுக்கு ஒரு தனி இறந்தகாலத்தைப் புதிதாகச் செய்துகொண்டது. பெயர்ச்சொல்லில் அஃறிணைப் பாலுக்கு ஒப்பான மூன்றாம் பால் போய், ஆண்பாலும் பெண்பாலும் மட்டும் மிஞ்சின. பிரஷ்யம் அதை இன்னும் வைத்திருந்தது. படர்க்கை வினையில் ஒருமை, பன்மை வேறுபாடே கிடையாது: யிஸ் எய்னா என்றால் அவன் போகிறான், யியெ எய்னா என்றால் அவர்கள் போகிறார்கள். வினை அசையவே இல்லை. பால்டிக் மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முத்திரை இது. ஆக, பழைய வீட்டுக்குள் பாதி அறைகள் புதிதாகக் கட்டப்பட்டவை. பெயர்ச்சொல்லை மட்டும் காட்டி விளம்பரம் செய்கிறோம்.

ஏன் இவ்வளவு மிஞ்சியது? காடு, சதுப்பு, தனிமை என்பது வழக்கமான விளக்கம். பாதி சரி. ஆனால் பக்கத்து லாத்வியாவிலும் அதே காடு, அதே சதுப்பு. அங்கே மொழி வேறு வழியில் ஓடியது. நிலத்தைவிட, யார் எந்த மொழியில் எழுதினார்கள் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். 15-ஆம் நூற்றாண்டில் லிதுவேனியப் பெருங்குறுநிலம் ஐரோப்பாவின் மிகப் பெரிய அரசுகளில் ஒன்று. கிறிஸ்தவம் அங்கே 1387-இல்தான் வந்தது, ஐரோப்பாவிலேயே கடைசியாக. ஆனால் அந்த அரசு லிதுவேனியத்தில் எழுதவில்லை. 1529-இன் புகழ்பெற்ற சட்டத்தொகுப்பு கிழக்கு ஸ்லாவிய எழுத்து மொழியில் இருக்கிறது. பிறகு பிரபுக்கள் போலிஷ் பேசத் தொடங்கினார்கள். லிதுவேனியம் உழவர்களின் வாயில் தங்கியது. எழுதப்படாத மொழி வேகமாக மாறும் என்று பொதுவாக நினைப்போம்; இங்கே அப்படி நடக்கவில்லை. இதற்கு ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

லாத்வியத்தின் கதையில் வரும் ஆட்கள் வேறு. 1201-இல் ஆல்பர்ட் என்ற ஜெர்மானிய ஆயர், இன்று லாத்வியத் தலைநகராக இருக்கும் ரீகா நகரத்தை நிறுவினார். அதன் பிறகு எழுநூறு ஆண்டுகள் நிலமும் நகரமும் தேவாலயமும் ஜெர்மன் பேசுகிறவர்களின் கையில். கடற்கரையில் எஸ்டோனிய மொழிக்கு உறவான லிவோனியம் பேசுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் மெல்ல லாத்வியத்துக்கு மாறும்போது தங்கள் நாக்கின் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். லாத்வியத்தில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழுவது லிவோனியத் தாக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அழுத்தம் முன்னே போனால் பின்னே இருக்கும் அசைகள் தேயும்: லிதுவேனியத்தின் ஷிம்தஸ் இங்கே ஸிம்த்ஸ், தியேவஸ் தியெவ்ஸ். (நன்றி என்று சொல்லும் பல்தியெஸ் ஒரு விதிவிலக்கு, அழுத்தம் இரண்டாம் அசையில். அது "கடவுள் உதவட்டும்" என்ற இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது.) லிவோனியத்தைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2013-இல் கனடாவில் இறந்தார். அவருடைய மொழியின் அழுத்தம் ரீகாவின் தெருக்களில் நாள் முழுவதும் கேட்கிறது.

இரண்டு மொழிகளுக்கும் இடையே ஒலி மாற்றங்கள் ஒழுங்கானவை. ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றதை யூகிப்பது ஒரு விளையாட்டு. லிதுவேனிய ஷ் லாத்வியத்தில் ஸ் ஆகும்: இதயம் ஷிர்திஸ், ஸிர்த்ஸ். உயிருக்குப் பின் வரும் மெல்லினம் லாத்வியத்தில் கரைந்துபோகும்: கை ரங்கா, ருவகா, ஐந்து பெங்கி, பியெத்ஸி. பெருவாத்துக்கு பிரஷ்யத்தில் ஸன்ஸி, லிதுவேனியத்தில் ஜாஸிஸ், லாத்வியத்தில் ஸுவஸ். சமஸ்கிருத ஹம்சமும் இதுவே. ஃபின்னிஷில் ஹன்ஹி என்கிறார்கள். ஃபின்னிஷ் வேறு குடும்பம் ஆயிற்றே? மிகப் பழைய காலத்தில் பால்டிக் மொழிகளிலிருந்து கடன் வாங்கியது. வாத்தோடு நிற்கவில்லை, பாலம், வைக்கோல், கோடரி, பல், கடைசியில் மகள் என்ற சொல்லைக்கூட ஃபின்னிஷ் பால்டிக்கிடமிருந்து பெற்றிருக்கிறது. மகளுக்கே கடன் சொல் என்றால் கல்யாண உறவு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்க வேண்டும்!

லாத்வியத்தில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் வேறு. "வின்ஷ் எசொத் ஸ்லிம்ஸ்" என்று ஒரு வாக்கியம். நேர்ப்பொருள் "அவருக்கு உடம்பு சரியில்லை" இல்லை, "அவருக்கு உடம்பு சரியில்லையாம்." வினையின் கடைசியில் வரும் "ஒத்" நம்முடைய "ஆம்" செய்யும் அதே வேலையைச் செய்கிறது: இது நான் கண்டதில்லை, கேட்டது, பொறுப்பு எனக்கில்லை. லாத்வியச் செய்தித்தாளில் ஒரு அமைச்சர் சொன்னதை எழுதும்போது பத்தி முழுக்க இந்த "ஒத்" வரும். ஆங்கிலத்திலோ ரஷ்யனிலோ இதற்கு ஒரு உருபு இல்லாததால் மொழிபெயர்ப்பாளர்கள் "என்று கூறப்படுகிறது" போட்டுத் தவிக்கிறார்கள். லிதுவேனியமும் எச்ச வடிவங்களைக் கொண்டு இதையே செய்கிறது, எஸ்டோனியத்திலும் உண்டு. குடும்பம் தாண்டி, அந்த வட்டாரம் முழுவதும் பரவிய குணம் இது. பழைய மூதாதையிடமிருந்து வந்த சொத்து இல்லை. அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வாழ்ந்ததில் கிடைத்தது.

இன்னொன்றும் தமிழ்க் காதுக்குப் பழக்கமாக இருக்கும். லாத்வியத்தில் "வைத்திரு" என்று உடைமையைக் காட்டும் வினை கிடையாது. "மன் இர் க்ராமத" என்றால் எனக்குப் புத்தகம் உண்டு. மன் என்பது "எனக்கு". ஒன்றைச் செய்தாக வேண்டும் என்றாலும் "எனக்கு"தான்: "மன் யாலஸ க்ராமத", எனக்குப் புத்தகம் படிக்கணும். வினையின் முன்னால் ஒட்டும் அந்த "யா", கட்டாயத்தைக் காட்டுவதற்கென்றே லாத்வியம் செய்துகொண்ட தனி வடிவம். லிதுவேனியத்தில் உடைமைக்கு நேரடி வினை இருக்கிறது. இங்கே பழமை பேசும் லிதுவேனியத்தைவிட லாத்வியமே எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. ஆனால் அதைப் பற்றி யாரும் பொன்மொழி சொல்லவில்லை.

இரண்டு மொழிகளிலும் அசைகளுக்குச் சுருதி உண்டு. லிதுவேனியத்தில் அவுக்ஷ்தஸ் என்ற சொல்லை ஒரு சுருதியில் சொன்னால் "உயரமான". இன்னொரு சுருதியில் சொன்னால் கட்டடத்தின் "மாடி". எழுத்தில் வேறுபாடு காட்டமாட்டார்கள். போதாததற்கு, அழுத்தம் ஒரே சொல்லுக்குள் வேற்றுமைக்கு ஏற்ப இடம் மாறும்: தலை என்னும் கல்வா எழுவாயாக இருந்தால் கடைசி அசையில் அழுத்தம், தலையை என்றால் முதல் அசைக்கு வந்துவிடும். நவீன மொழியியலின் தந்தை என்று எல்லோரும் சொல்லும் ஃபெர்டினாண்ட் டி சொஸ்யூர் 1880-இல் இந்தப் பிரதேசத்துக்குப் போனார். பிற்காலத்தில் மொழியின் பொதுத் தத்துவம் பேசிய அந்த மனிதர், 1890-களில் அச்சிட்ட கொஞ்சக் கட்டுரைகளில் முக்கியமான இரண்டு லிதுவேனிய அழுத்தத்தைப் பற்றியவை. அந்த விதி இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. லாத்வியத்தில் மூன்று சுருதிகள். லுவக்ஸ் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லை மூன்று விதமாகச் சொன்னால் வெங்காயத்தாள், வில், ஜன்னல் என்று மூன்று பொருள். மூன்றையும் சுத்தமாகப் பிரிக்கிறவர்கள் நாட்டின் நடுப்பகுதியில் சில ஊர்க்காரர்கள் மட்டுமே. தலைநகரத்தில் பலருக்கு இரண்டுதான் வரும்.

சொல்லின் கடைசியில் உருபு இல்லாவிட்டால் வாக்கியமே நகராது என்பதால், வெளியாரின் பெயர்களுக்கும் வால் வைத்துவிடுவார்கள். ரீகாவில் ஷேக்ஸ்பியர் வில்யம்ஸ் ஷெக்ஸ்பீர்ஸ்; லிதுவேனியத் தலைநகர் வில்னியுஸில் வில்யமஸ் ஷெக்ஸ்பீரஸ். பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். "ஷேக்ஸ்பியருக்கு", "ஷேக்ஸ்பியரின்" என்று நாம் ஒட்டுவதும் இதே தேவைக்குத்தான், அவர்கள் எழுவாய்க்கும் சேர்த்து ஒட்டுகிறார்கள். கடவுச்சீட்டு வரை இது போகும்போதுதான் வழக்கு வருகிறது. ஜெர்மானியரைக் கல்யாணம் செய்த லாத்வியப் பெண் ஒருவர், கணவரின் குடும்பப்பெயர் லாத்விய உச்சரிப்புக்கும் உருபுக்கும் ஏற்ப மாற்றி எழுதப்பட்டதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார். 2004-இல் நீதிமன்றம் லாத்வியாவின் பக்கம் நின்றது. லிதுவேனியாவில் அங்குள்ள போலிஷ் சிறுபான்மையினர் தங்கள் பெயரில் இருக்கும் "டபிள்யூ" எழுத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். லிதுவேனியத்தின் 32 எழுத்துகளில் அது இல்லை. 2022-இல் வந்த சட்டம்தான் வழிவிட்டது.

பெண்களின் குடும்பப்பெயரில் லிதுவேனியம் இன்னும் ஒரு படி மேலே. அப்பா கஸ்லவுஸ்கஸ் என்றால் மனைவி கஸ்லவுஸ்கியெனே, மகள் கஸ்லவுஸ்கய்தே. பெயரைக் கேட்டாலே கல்யாணம் ஆனவரா இல்லையா என்று தெரிந்துவிடும். 2009 முதல் 2019 வரை நாட்டின் அதிபராக இருந்த தாலியா க்ரிபவுஸ்கய்தேயின் பெயர், அவர் க்ரிபவுஸ்கஸ் வீட்டு மகள் என்று உலக மாநாடுகளில் எல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தது. இது எதற்கு என்று கேட்ட பெண்களுக்காக 2003-இல் எந்த நிலையையும் காட்டாத ஒரு குறுகிய விகுதியை அனுமதித்தார்கள். எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அம்மாவின் பழைய விகுதியே போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எழுத்தைப் பற்றி லிதுவேனியர்கள் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குப் பின்னால் நாற்பது வருஷக் கதை ஒன்று இருக்கிறது. முதல் லிதுவேனிய நூல் 1547-இல் வந்தது: மார்தீனஸ் மஜ்வீதஸ் எழுதிய ஞானோபதேச நூல். அச்சானது லிதுவேனியாவில் இல்லை, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில். முன்னுரைச் செய்யுளில் புத்தகமே பேசுகிறது: சகோதரர்களே, சகோதரிகளே, என்னை எடுத்துப் படியுங்கள். முந்நூறு ஆண்டு கழித்து அந்த வேண்டுகோள் குற்றமாகிவிட்டது. தன் ஆட்சிக்கு எதிரான 1863-64 கிளர்ச்சியை ஒடுக்கிய ரஷ்யப் பேரரசு, லத்தீன் எழுத்தில் லிதுவேனியம் அச்சிடுவதைத் தடை செய்தது; ரஷ்ய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தது. மக்கள் அதைத் தொடவில்லை. எல்லைக்கு அப்பால் ஜெர்மானியப் பிரஷ்யாவின் தில்ஸித் நகரத்தில் அச்சான பிரார்த்தனைப் புத்தகங்களும் நாட்காட்டிகளும் பத்திரிகைகளும் சாக்குமூட்டையில், வைக்கோல் வண்டியில், கோட்டுக்கு உள்ளே என்று எல்லை தாண்டி வந்தன. சுமந்தவர்களுக்கு க்னிக்னெஷிஸ், புத்தகச் சுமையாளி, என்று பெயர். பிடிபட்டால் சைபீரியா. யுர்கிஸ் பியெலினிஸ் என்பவர் இதில் தலையாய ஆள். அவர் பிறந்த மார்ச் 16-ஐ இன்று புத்தகச் சுமையாளிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். தடை 1904-இல் நீங்கியது. அதற்குள் 1901-இல், தடைக்காலத்திலேயே, யோனஸ் யப்லோன்ஸ்கிஸ் புனைபெயரில் தில்ஸித்தில் ஓர் இலக்கணம் வெளியிட்டார். இன்றைய பொது லிதுவேனியம் அதன்மேல் நிற்கிறது. பல வடிவங்கள் போட்டியிட்டபோது அவர் தேர்ந்தெடுத்தது பிரஷ்ய எல்லையை ஒட்டிய மேற்குப் பேச்சை. எல்லாரும் வியக்கும் "பழமையான லிதுவேனியம்" ஓரளவுக்கு இப்படி ஒரு ஆசிரியர் மேசையில் வைத்துத் தேர்ந்தெடுத்ததும்கூட.

லாத்வியத்தின் எழுத்தை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியப் பாதிரியார்கள். விவிலியத்தை 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொழிபெயர்த்த எர்ன்ஸ்ட் க்ளூக் அவர்களில் பெரியவர். (அவர் வீட்டில் வளர்ந்த மார்த்தா என்ற பெண் பிற்பாடு ரஷ்யாவின் பேரரசி முதலாம் கேத்தரின் ஆனார்.) ஜெர்மன் பாணி எழுத்துமுறையை உதறிவிட்டு இப்போதைய முறைக்கு வந்தது 1920-களில், அதைச் சமைத்தவர்கள் கார்லிஸ் மீலென்பஹ்ஸும் யானிஸ் என்ட்ஸெலீன்ஸும். ஜெர்மன் எவ்வளவு ஆழம் போனது என்பதற்கு ஒரே சொல் போதும்: "உம்" என்ற இணைப்புக்கு லாத்வியர்கள் சொல்லும் "உன்" ஜெர்மன் வழிவந்தது. லிதுவேனியத்தில் அதற்கு "இர்". லாத்வியத்திலும் "இர்" இருக்கிறது, ஆனால் அங்கே அதன் பொருள் "இருக்கிறது". பாதிரியார்களின் மொழிக்கு வெளியே இன்னொரு லாத்வியம் வயலில் பாடிக்கொண்டிருந்தது. தைனா எனப்படும் நான்கடிப் பாடல்களை க்ரிஷ்யானிஸ் பரோன்ஸ் சின்னச் சின்னத் துண்டுத் தாள்களில் எழுதி, 1880-இல் இதற்கென்றே செய்வித்த 70 இழுப்பறைகள் கொண்ட அலமாரியில் அடுக்கினார். 1894-க்கும் 1915-க்கும் இடையில் அச்சான தொகுப்பில் 2 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். சூரியன் அவற்றில் பெண். ஸவுலெ என்று கூப்பிடாமல் ஸவுலீதெ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். கடவுளுக்கும் அதே செல்லம். அந்த அலமாரி 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தது.

வெளியேயிருந்து பார்த்தால் கல்விக்கூடச் சண்டையாகத் தெரியும் ஒரு கேள்வி இங்கே அரசியலாகும்: பால்டிக்கும் ரஷ்யன் உள்ளிட்ட ஸ்லாவிய மொழிகளும் ஒரே கிளையா? ஒற்றுமை மறுக்க முடியாதது. 1908-இல் மெய்யே, இரண்டும் தனித்தனியாக, இணையான பாதையில் வளர்ந்தவை என்று வாதிட்டார். ரஷ்யப் பேரரசுக்குக் கீழே இருந்த மக்களுக்கு அந்த வாதம் ஏன் இனித்தது என்று விளக்க வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான ஒப்பியல் அறிஞர்கள் பொதுவான பால்டோ-ஸ்லாவியக் கட்டம் ஒன்று இருந்தது என்கிறார்கள். எனக்கும் சான்றுகள் அந்தப் பக்கம் சாய்வதாகவே தெரிகிறது. அதனால் லிதுவேனியம் ரஷ்யனின் கிளைமொழி ஆகிவிடாது. வரைபடத்தில் பார்த்தால் உண்மை ஏறத்தாழ எதிர்த்திசையில் கிடக்கிறது. 1962-இல் ரஷ்ய மொழியியலாளர்கள் தோபரோவும் த்ருபச்சோவும் மேல் ட்னீப்பர் ஆற்றுப் படுகையின் நீர்நிலைப் பெயர்களை ஆராய்ந்து, இன்றைய பெலாரஸிலும் ரஷ்யாவின் மேற்கிலும் நூற்றுக்கணக்கான பெயர்கள் பால்டிக் மூலம் கொண்டவை என்று காட்டினார்கள். மாஸ்கோவுக்குத் தென்மேற்கே ப்ரோத்வா ஆற்றங்கரையில் கோல்யாத் என்ற மக்கள் இருந்ததாக ரஷ்ய ஆண்டுக்குறிப்பு 1147-இல் சொல்கிறது. அவர்கள் பால்டிக் மக்கள். ஸ்லாவியம் பரவப் பரவ ஆறுகள் பெயரை வைத்துக்கொண்டன, கரையில் இருந்தவர்கள் மொழியை மாற்றிக்கொண்டார்கள்.

பிரஷ்யர்களுக்கு அந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மானியப் படைத்துறவிகள் அவர்களை வென்றார்கள். குடியேறிய ஜெர்மானியர்கள் நிலத்தோடு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பிரஷ்யா என்று உலகம் நடுங்கியது ஜெர்மன் பேசிய அரசைப் பார்த்து. அசல் பிரஷ்ய மொழிக்கு மிஞ்சியவை 802 சொற்கள் கொண்ட ஓர் அகராதிப் பட்டியல், 1545-இலும் 1561-இலும் அச்சான மூன்று ஞானோபதேச நூல்கள், சில துணுக்குகள், முதலில் சொன்ன அந்தக் குடிகாரப் பாட்டு. 1709 முதல் 1711 வரை அடித்த கொள்ளைநோயோடு கடைசிப் பேச்சும் அடங்கியது என்பார்கள்.

மற்ற இரண்டுக்கும் 20-ஆம் நூற்றாண்டு சோதனைக் காலம். சோவியத் ஆட்சியில் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குடியேறியதில், 1989 கணக்கெடுப்பின்போது லாத்வியாவில் லாத்வியர்கள் 52 சதவீதம்தான். லிதுவேனியாவில் லிதுவேனியர்கள் ஏறத்தாழ 80. லாத்வியாவின் மொழிச் சட்டங்கள் லிதுவேனியாவைவிட ஏன் பதற்றமாக இருக்கின்றன என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். ரஷ்யனை இரண்டாவது ஆட்சிமொழி ஆக்கலாமா என்று 2012-இல் வாக்கெடுப்பு நடந்தபோது நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். அதே நாட்டின் கிழக்கில் லத்கலியம் பேசுகிறவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களும் 1865 முதல் 1904 வரை அதே அச்சுத்தடையை அனுபவித்தவர்கள். தனி எழுத்து மரபு உள்ளவர்கள். 1999 மொழிச் சட்டம் அதை "லாத்விய மொழியின் வரலாற்று வடிவம்" என்கிறது. பேசுகிறவர்களில் பலர் அது தனி மொழி என்கிறார்கள். பால்டிக் மொழிகள் இரண்டா மூன்றா என்பது யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உறவு இவ்வளவு நெருக்கம் என்றாலும், லிதுவேனியரும் லாத்வியரும் சந்தித்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஒரு தலைமுறை ரஷ்யனில் பேசிக்கொண்டது, அடுத்தது ஆங்கிலத்தில். பொதுவான சொற்களை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஆபத்தும் உண்டு. அந்தக் காடுகளில் இரண்டு வகை மான்கள் திரிகின்றன: சாதாரண மான் ஒன்று, தட்டையான அகலக் கொம்போடு குதிரையைவிடப் பெரிதாக வளரும் கடமான் வகை ஒன்று. லிதுவேனியர் பெரியதை பிரியெதிஸ் என்பார், சின்னதை எல்னியஸ். எல்லையைத் தாண்டினால் சின்னதுக்குத்தான் பிரியெதிஸ், பெரியது அல்னிஸ். சொற்கள் அதே இரண்டு, மிருகங்களும் அதே இரண்டு, ஜோடி மட்டும் மாறிவிட்டது. இரண்டு நாட்டு வேட்டைக்காரர்கள் சேர்ந்து காட்டுக்குள் போனால், சுடுவதற்கு முன்னால் கையால் கொம்பின் அளவைக் காட்டிக்கொள்வது நல்லது.